ஏரிக்கரையிலேயே கூடாரம் அடித்தால் என்ன?

ஆகஸ்ட் 9, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"முதுகில் பன்னிரண்டு கிலோ சுமையோடு நாள் முழுக்க ஏறுகிறோம். மாலையில் ஏரி கண்ணில் படுகிறது. கூடாரத்தின் வாயைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும், அலை கரையைத் தொடும் சத்தத்தில் தூங்க வேண்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம்? தண்ணீரிலிருந்து இருநூறு அடி தள்ளிப் படுக்கச் சொல்கிற விதியை எழுதியவர்கள் ஒரு நாளாவது ஏரிக்கரையில் தூங்கியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். சோப்பைத் தண்ணீரில் கரைக்காமல், குப்பையைத் திரும்ப எடுத்து வந்தால் போதாதா? அருவிக்கும் இதே கேள்விதான்."

ஆகஸ்ட் 9, மாலை

போதாது. இருநூறு அடி என்பது ஏறத்தாழ 60 மீட்டர். பாத்திரம் கழுவிய நீரும் மனிதக் கழிவும் ஏரியை எட்டுவதற்குள் மண்ணில் இறங்கி, வடிகட்டப்பட்டு, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் சிதைய வேண்டும். அதற்கு இடைவெளி தேவைப்படுகிறது. மக்கும் தன்மை உடையது என்று உறையில் அச்சிட்டிருக்கும் சோப்பும் மண்ணில்தான் மக்கும். ஏரி நீரில் அது மக்கும் என்று எண்ணக் கூடாது. மலை ஏரிகளில் பெரும்பாலானவை சத்துக்கள் மிகக் குறைந்த குளிர்ந்த நீர்நிலைகள். நாம் வியந்து பார்க்கும் அந்தத் தெளிவுக்கு அதுவே காரணம் என்பதால், வெளியிலிருந்து சிறிதளவு பாஸ்பரஸும் நைட்ரஜனும் சேர்ந்தாலே பாசி வளரத் தொடங்கிவிடும்.

கழிவுக்குழியை 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டச் சொல்வதும் மண்ணை மனத்தில் வைத்துத்தான். நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பது மேல் மண்ணில். அதைவிட ஆழமாகத் தோண்டினால் சிதைவு மெதுவாகிவிடும், மேலோட்டமாக மூடினால் விலங்குகள் கிளறிவிடும்.

கூடாரம் இருக்கும் இடம்தான் மற்ற எல்லாவற்றின் இடத்தையும் முடிவு செய்கிறது. கரையில் படுத்திருப்பவர் நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து, இருட்டில் 60 மீட்டர் மேடேறிப்போய்க் குழி தோண்டுவார் என்று நான் நம்பவில்லை. கூடாரம் தள்ளி இருந்தால் சமையல், கழுவல், ஒதுங்கல் எல்லாம் தாமாகவே தள்ளிப்போய்விடும்.

ஆகஸ்ட் 9, இரவு

மாலையில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் நான் கரையில் படுப்பதை நிறுத்தியதற்கு அது காரணம் இல்லை என்பதால், உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பனியாறு குடைந்துவிட்டுப் போன ஒரு பள்ளத்தில், மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த சிறிய ஏரி அது. கேள்வி கேட்டவர் விரும்புகிற மாதிரியே தண்ணீரிலிருந்து நான்கடி தள்ளிக் கூடாரம் அடித்தேன். காற்று இல்லை, மேகம் இல்லை, வானம் முழுக்க நட்சத்திரங்கள். இப்படி ஓர் இரவு அமைந்ததே என்று மகிழ்ந்துதான் படுத்தேன். இரவு ஒரு மணிக்குக் குளிரில் விழித்தபோது கூடாரத்தின் உட்துணியில் நீர் கோத்திருந்தது. கையை நீட்டியதும் முகத்தில் சொட்டியது. உறக்கப்பையின் கால்பகுதி சுவரை ஒட்டியிருந்ததால் நனைந்து, உள்ளிருந்த இறகு கட்டிகட்டியாகத் திரண்டு, விரல்களுக்கு இடையே ஈரப்பஞ்சுபோல் இருந்தது. இறகுப்பை கதகதப்பாக இருப்பது அதற்குள் அடைபட்ட காற்றினால். நனைந்த இறகுக்குள் காற்று நிற்காது. இருந்த உடைகளையெல்லாம் போட்டுக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒதுங்குவதற்காகச் சரிவில் ஏறினேன். ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு குட்டை மரத்தை நெருங்கியபோது, மூடியிருந்த ஓர் அறைக்குள் நுழைந்ததுபோல் முகத்தில் கதகதப்பு பட்டது. நம்ப முடியாமல் பத்தடி இறங்கிப் பார்த்தேன். குளிர் மீண்டும் வந்து கணுக்காலிலிருந்து ஏறியது. மறுபடி ஏறினேன், காற்று மாறியது. மரத்தடியில் புல் உலர்ந்திருந்தது, கீழே கூடாரத்தின்மேல் உறைபனி விளக்கொளியில் மின்னியது. விடியும்வரை அந்த மரத்தில் சாய்ந்தபடி இருந்தேன். அன்றோடு கரையில் படுப்பதை விட்டேன்.

ஆகஸ்ட் 11

மேலே போகப் போகக் குளிர் கூடும் என்றுதான் பள்ளியில் படித்தோம், நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் படித்தது சரியானதே. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகிறது. காற்று ஓரளவு கலந்திருக்கும்போது நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நடப்பது வேறு. தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று சரிவில் தண்ணீரைப் போலவே கீழ்நோக்கி வழிந்து, வெளியேற வழியில்லாத பள்ளத்தில் தேங்குகிறது. மலை ஏரி இருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட பள்ளத்தில்தான். தண்ணீர் தேங்கும் இடத்தில் குளிரும் தேங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்தக் குளிர்த் தேக்கத்துக்கும் ஒரு மேல்மட்டம் உண்டு. நான் ஏறி இறங்கிப் பார்த்தது அதைத்தான் என்று பின்னால் புரிந்தது.

ஈரமும் அங்கேயே சேர்கிறது. ஏரியை ஒட்டிய காற்றில் நீராவி மிகுதி, நம் மூச்சிலிருந்தும் இரவெல்லாம் நீராவி வெளியேறுகிறது. இரண்டும் குளிர்ந்த துணியில் பட்டு நீராக மாறுகின்றன. கூடாரத்தின் காற்று வழிகளை அடைத்தால் கதகதப்பாகும் என்று நினைத்து அன்று நான் எல்லாவற்றையும் இழுத்து மூடியிருந்தேன். நனைவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆகஸ்ட் 12

பெரிய ஏரி இரவில் சுற்றுப்புறத்தைக் கதகதப்பாக வைக்கும் அல்லவா என்று எழுதியவருக்கு: ஆம். பரந்த, ஆழமான, உறையாத ஏரி பகல் முழுக்கச் சேர்த்த வெப்பத்தை இரவில் மெல்ல விடுவதால் கரைப்பகுதியில் உறைபனி குறையும். நான் எழுதியது சிறு மலைச்சுனைகளைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும், மலைநடையில் நாம் போய்ச் சேர்பவற்றில் பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ஏரிகளே.

நான் சொன்ன குளிரை அளந்து காட்ட முடியுமா என்றும் அவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அடுத்த முறை போகும்போது இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுபோகிறேன்.

ஆகஸ்ட் 14

இனி அருவி. கேள்வியில் அருவிக்கும் இதேதான் என்று ஒரே வரியில் முடித்திருந்தார். எனக்கோ இவை இரண்டும் ஒன்றல்ல. ஏரிக்கரையில் படுத்தால் குளிரும் நனைவும்தான். அருவியடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து.

முதலில் சாரல். பகலில் முகத்தில் படும்போது இதமாக இருக்கும் சாரல், இரவெல்லாம் கூடாரத்தின்மேல் விழும்போது விடாமழை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவிக்கு அப்பகுதி மக்கள் வைத்த பெயரின் பொருள் 'இடிமுழக்கமிடும் புகை'. அதன் எதிர்க்கரையில் சாரலாலேயே ஒரு சிறு மழைக்காடு வளர்ந்து நிற்கிறது. எந்த அருவியருகிலும் பாறைகளில் பாசியும் பெரணியும் எதுவரை படர்ந்திருக்கின்றன என்று பார்த்தால், சாரல் எதுவரை வருகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது சத்தம். அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அருவிச் சத்தத்தில் தூக்கம் நன்றாக வருகிறது என்பது உண்மை. மற்ற எல்லா ஒலிகளையும் அது விழுங்கிவிடுவதுதான் காரணம். தூரத்து இடி, மேலிருந்து உருளும் கல், விலங்கின் காலடி, துணைக்கு வந்தவரின் கூப்பிடு குரல் என எதுவும் காதில் விழாது.

என் தம்பியும் நானும் ஓர் அருவிக்குக் கீழே, ஓடையிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி, சரளைக்கல் பரவிய சமதளத்தில் கூடாரம் அடித்திருந்தோம். முளை அடிக்க வாகாக இருந்தது. நாங்கள் இருந்த இடத்தில் மழை இல்லை. மேலே, அருவிக்குப் பின்னாலிருந்த முகட்டில் மட்டும் மதியத்திலிருந்து கருமேகம் நின்றது. பாத்திரம் வைப்பதற்காகத் தம்பி ஒரு தட்டையான வெள்ளைக் கல்லை ஓடையின் விளிம்பில் போட்டிருந்தான். மாலையில் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பி வந்து என் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து, "அண்ணா, கல்லைக் காணோம்" என்றான்.

போய்ப் பார்த்தேன். ஓடை பெருகிவிட்டது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத அளவுதான் ஏறியிருந்தது. ஆனால் காலையில் கண்ணாடியாக இருந்த நீர் மங்கலான பழுப்பாக மாறியிருந்தது. ஊசியிலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. இருவரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை. கூடாரத்தைக் கழற்றாமல் பொருள்களோடு சேர்த்து இழுத்து, முப்பது அடி உயரத்திலிருந்த பாறைத் திட்டுக்கு ஏற்றினோம். இருட்டிய பிறகு விளக்கடித்துப் பார்த்தபோது, நாங்கள் படுக்கவிருந்த சரளைத் தளத்தின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அருவியின் சத்தத்தில் எங்களுக்கு எந்த மாறுதலும் கேட்கவில்லை.

காலையில் விட்டுப்போன முளைகளைத் தேடி இறங்கியபோது ஒரு புதரைப் பார்த்தேன். அதன் கிளைகளில் இடுப்பு உயரத்தில் காய்ந்த புல்லும் வேரும் சுற்றிக்கொண்டிருந்தன. பழைய வெள்ளம் விட்டுச்சென்ற அடையாளம் அது. முந்தின நாள் அந்தப் புதரில்தான் துண்டைக் காயப்போட்டிருந்தோம். துண்டு விரிவதற்கு இடைஞ்சலாக இருந்த அந்தக் காய்ந்த புல்லைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் போட்டோம்.

ஆகஸ்ட் 15

"வானம் தெளிவாக இருந்தால் பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பார்க்க வேண்டியது உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் அல்ல. அந்த ஓடைக்கு நீர் வரும் பரப்பு முழுவதுக்கும் மேலுள்ள வானத்தைப் பார்க்க வேண்டும். 1976 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் சில மணி நேரத்தில் 300 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. கீழே விடுமுறைக்கு வந்து தங்கியிருந்தவர்கள் உட்பட 140-க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தனர். வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பலகைகள் அந்த மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் வைக்கப்பட்டது அதன் பிறகுதான்.

இன்னொன்று 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் பியெஸ்காஸ் அருகே நடந்தது. முகாம்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த தளத்தின்மேல் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 87 பேர் இறந்தனர். அந்தத் தளம் அமைந்திருந்தது, மலை ஓடை பள்ளத்தாக்குக்குள் இறங்கும் இடத்தில் கல்லையும் மண்ணையும் விசிறிபோல் பரப்பி உண்டாக்கிய மேட்டில். மலையில் சமதளம் அபூர்வம். தண்ணீருக்கு அருகில் ஒரு சமதளம் கிடைத்தால், அதைச் சமப்படுத்தியது யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் சரளைத் தளத்தைச் சமப்படுத்தியது அந்த ஓடைதான்.

ஆகஸ்ட் 15, சற்று நேரம் கழித்து

60 மீட்டரை எப்படி அளப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். பெரியவர் ஒருவரின் எட்டுகளில், அதாவது காலடிகளில், எழுபது என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று அளவுநாடா வைத்து நடந்து பார்த்தேன். சுமையில்லாமல் சமதளத்தில் எனக்கு எண்பத்தொன்று வந்தது. சுமையோடு மேடேறும்போது எட்டு இன்னும் குறுகும். ஆகவே நூறு வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 20

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தண்ணீரிலிருந்து 100 அடி தள்ளினால் போதும் என்றுதான் விதி இருக்கிறது, நீங்கள் 200 என்கிறீர்களே என்று சுட்டியிருக்கிறார் ஒருவர். அவர் சொல்வது சரி. 200 அடி என்பது பொதுவான அறிவுரை. ஓரிடத்தின் நிர்வாகம் தன் நிலத்தையும் கூட்டத்தையும் பார்த்து வேறு தூரம் வகுத்திருந்தால் அங்கே அதுவே செல்லும். முதல் குறிப்பில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே எண் போல எழுதியது என் பிழை.

இதற்கு நேர்மாறான விதியும் இருக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றில் படகில் பல நாள் பயணம் செய்பவர்கள் வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்று மணலிலேயே தங்குகிறார்கள். சிறுநீரையும் ஆற்றிலேயே கழிக்க வேண்டும் என்பது விதி. மழை மிகக் குறைந்த அந்த வறண்ட கரையில் சிறுநீர் மணலில் தேங்கி நாறும். பேராற்றின் நீரோட்டத்தில் கரைந்து போய்விடும். திடக்கழிவை அவர்கள் பெட்டியில் அடைத்துத் திரும்ப எடுத்து வர வேண்டும். மண் தன் வேலையைச் செய்ய முடியாத இடத்தில் ஓடும் நீரிடம் விடுகிறார்கள். தேங்கிய சிறு ஏரியில் அந்த நீரோட்டம் கிடையாது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 23

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி, ஆனால் அந்தக் காட்சிக்காகத்தானே போனோம்?" அவருடைய ஆசையை நான் இதுவரை போதிய மரியாதையோடு எடுத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. ஆகவே காட்சியைப் பற்றியே பேசலாம்.

கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கும்போது நம் பார்வை நீர்ப்பரப்பை மிகச் சாய்வாகத் தொடுகிறது. சாய்வு கூடக் கூட நீர் கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். நமக்குத் தெரிவது வானத்தின் நிறமும் எதிர் மலையின் தலைகீழ் உருவமும்தான். மேலே ஏறிக் குனிந்து பார்க்கும்போதுதான், நீருக்குள் நுழைந்து சிதறித் திரும்பும் ஒளி கண்ணுக்கு வந்து ஏரியின் சொந்த நிறம் தெரிகிறது. கனடாவின் பேன்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள பெய்டோ ஏரியைப் பார்ப்பவர்கள் உயரத்திலிருக்கும் காட்சிமுனையிலிருந்தே பார்க்கிறார்கள். பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவந்து சேர்க்கும் மாவு போன்ற நுண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாகும் அந்தப் பசுநீலம், பனி உருகி ஓடைகள் பெருகும் கோடையில்தான் முழுமையாகத் தெரியும்.

எனவே மேட்டில் கூடாரம் அடித்தவர் காட்சியை இழக்கவில்லை. நிறம் அவர் வாசலிலேயே இருக்கும். மலையின் பிம்பம் வேண்டுமென்றால், காற்று எழுவதற்கு முன், விடியற்காலையில் நூறு எட்டு இறங்கிப் போய் நீர்மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். நான் இப்போது செய்வது அதைத்தான். உறக்கப்பையைத் தோளில் சுற்றிக்கொண்டு இறங்குவேன்.

ஆகஸ்ட் 24

கரையைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. விலங்குகள் நீர் அருந்த வரும் வழிகள் கரையில்தான் முடிகின்றன, பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும். நம் கூடாரம் அந்த வழியை அடைத்தால் அவை காத்திருக்கும், அல்லது அருந்தாமலே திரும்பும். கரையோரக் கோரையும் புல்லும் உயரமான இடங்களில் ஆண்டுக்குச் சில வாரங்களே வளர்கின்றன; ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் பலர் கூடாரம் விரித்தால் அந்தச் சில வாரங்களுக்குள் அது மீளாது. மலை ஏரிகளின் உயிர்ச்சமநிலை எவ்வளவு மெல்லியது என்பதற்கு அமெரிக்காவின் சியரா நெவாடா மலையின் அனுபவமே போதும். இயற்கையாக மீனே இல்லாத ஏரிகளில் தூண்டில் பொழுதுபோக்குக்காக டிரௌட் மீனை விட்டார்கள். தலைப்பிரட்டைகளை மீன் தின்று தின்று, அந்த மலைக்கே உரிய மஞ்சள்கால் தவளைகள் பல ஏரிகளில் இல்லாமல் போயின. சில ஏரிகளிலிருந்து மீன்களை அகற்றிய பிறகே தவளைகள் திரும்பின. பூச்சி விரட்டியும் வெயில் பூச்சும் தடவிய உடம்போடு நீரில் இறங்குவதற்கு முன் இந்தத் தவளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 30

சென்ற வாரம் முழுக்க ஒரு கேள்வி மனத்தில் ஓடியது. விதி தெரிந்தவர்களும் ஏன் கரையிலேயே படுக்கிறார்கள்? என் அனுபவத்தில் பதில் ஒன்றுதான்: தாமதமாகப் போய்ச் சேர்கிறார்கள். இருட்டும் களைப்பும் சேர்ந்துவிட்டால், முதலில் கண்ணில் படும் சமதளத்தில் சுமை இறங்கிவிடும். வெள்ளக்குறியையோ பாசியின் எல்லையையோ தேட அந்த நேரத்தில் எவருக்கும் தெம்பு இருக்காது. நானும் தம்பியும் சரளைத் தளத்தைத் தேர்ந்தெடுத்தது முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு என்பதை ஆகஸ்ட் 14 அன்று எழுத விட்டுவிட்டேன்.

இதற்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்னும் பயன்படுகிறது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 2 மணி 24 நிமிடமும் 1 மணி 30 நிமிடமும் சேர்ந்து 3 மணி 54 நிமிடம் ஆகும். நிற்காமல் நடக்கும் வலுவான ஆளுக்குப் பொருந்தும் கணக்கு இது. கூடாரச் சுமையோடும், குழுவில் மெதுவாக நடப்பவரோடும் போகும்போது நான் அதை ஒன்றரை மடங்காக்கி, ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகச் சேர வேண்டும் என்று பின்னோக்கி எண்ணினால், எப்போது கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் சுமையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு இடம் பார்க்க.

செப்டம்பர் 2

குளிப்பதைப் பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். நீர் நம் உடம்பின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். மேற்பரப்பில் வெயில் காய்ந்த ஏரியில் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே நீர் சட்டெனக் குளிரும். குதிப்பவர் நேரே அந்த அடுக்குக்குள் போகிறார். குளிர்ந்த நீர் தாக்கியதும் மூச்சு தானாகவே உள்ளிழுக்கும், அப்போது வாய் நீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். உறைகுளிர் நீரைப் பற்றி கனடாவின் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிதாக நினைவில் வைக்கும்படி 1, 10, 1 என்று சொல்லிவைத்திருக்கிறார்: மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் பயனுள்ளபடி இயங்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப 1 மணி நேரம். குளிரில் விறைத்துச் சாவதற்கு நெடுநேரம் முன்பே கை நீந்த மறுத்துவிடும் என்பதே இதன் பொருள். மெல்ல இறங்குங்கள், கால் எட்டும் ஆழத்திலேயே நில்லுங்கள்.

அருவியின் அடியில் வெண்ணுரை பொங்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். அந்த நுரையில் பாதி காற்று. காற்று கலந்த நீர் உடம்பைத் தாங்காது, நன்றாக நீந்துபவரும் அமிழ்ந்துவிடுவார். விழும் நீர் அடியில் திரும்பிச் சுழன்று, சிக்கியவரை மீண்டும் அருவியை நோக்கியே இழுக்கும். அருவியின் தலைப்பகுதி அதைவிட மோசம். அங்கே நீர் அமைதியாகத் தெரியும், பாறை மெழுகு தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கும், ஒரு பாத்திரம் தண்ணீருக்காகக் கால் வைத்தவர் பிடிக்க எதுவும் கிடைக்காமல் போய்விடுவார். தண்ணீர் எடுப்பதாக இருந்தால், கால் தவறினாலும் பிழைத்துக் கரையேறத்தக்க இடமாகப் பாருங்கள்.

செப்டம்பர் 3

எடுத்த தண்ணீரைக் காய்ச்சுவது பற்றி: நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். உயரம் கூடும்போது கொதிநிலை குறைவதால் இந்த வேறுபாடு. 3,000 மீட்டரில் நீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது.

செப்டம்பர் 7

ஏரியிலிருந்து நச்சுக்காற்று வந்து ஓர் ஊரே இறந்ததாகப் படித்தேன், மலை ஏரிகளில் அந்த ஆபத்து உண்டா என்று ஒருவர் கேட்கிறார். அவர் படித்தது காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியாக இருக்க வேண்டும். 1986 ஆகஸ்ட் 21 இரவு, எரிமலைப் பள்ளத்திலுள்ள அந்த ஏரியின் அடியாழத்தில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாக வெளிப்பட்டு, பள்ளத்தாக்குகளில் வழிந்து, ஏறத்தாழ 1,700 பேரைக் கொன்றது. இது எரிமலை வாயு அடியிலிருந்து ஊறிச் சேரும் மிகச் சில ஏரிகளுக்கே உரிய ஆபத்து. பனியாறு குடைந்த ஏரிகளில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கனமான காற்று பள்ளத்தில் தேங்கும் என்கிற அந்த ஓர் ஒற்றுமை மட்டுமே நாம் பேசிய குளிருக்கும் இதற்கும் உண்டு.

அக்டோபர் 5

வெப்பமானிகளோடு போய் வந்தேன். அதே ஏரி, அதே குட்டை மரம். தம்பியும் வந்திருந்தான். ஒன்றைக் கரையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டினோம், மற்றதை மரத்தடியில் அதே உயரத்தில். இரண்டையும் முதலில் ஒரே பையில் ஒரு மணி நேரம் வைத்து, ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். அரை டிகிரி வேறுபாடு இருந்தது, அதைக் கழித்தே கீழே எழுதுகிறேன்.

முதல் இரவு தெளிந்த வானம், காற்றில்லை. மாலை ஏழு மணிக்கு இரண்டிலும் 9 டிகிரி. பத்து மணிக்குக் கரையில் 4, மரத்தடியில் 7. அதிகாலை நான்கு மணிக்குக் கரையில் பூஜ்யத்துக்கு ஒன்று கீழே, மரத்தடியில் 4. குச்சியில் உறைபனி படிந்திருந்தது. மரத்தடியில் கூடாரத்தின் வெளித்துணி உலர்ந்தே இருந்தது.

இரண்டாம் இரவு முகட்டிலிருந்து காற்று வீசியது, மேகமும் இருந்தது. விடியும்வரை இரண்டு வெப்பமானிகளும் ஒன்றையே காட்டின: 6 டிகிரி. சொல்லப்போனால் காற்றின் வீச்சில் மரத்தடிதான் படுக்கக் கடினமாக இருந்தது. கூடாரத்தின் கயிறுகளை இருமுறை எழுந்து இறுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆகஸ்ட் 9 அன்று நான் எழுதியது காற்றில்லாத தெளிந்த இரவுக்கு மட்டுமே பொருந்தும் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். காற்றுள்ள இரவில் மேட்டில் படுப்பவர் பாறையின் மறைவு ஒன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். நாங்கள் அடித்த இடத்துக்குப் பின்னால், பதினைந்து எட்டு தள்ளி, அப்படி ஒரு மறைவு இருந்ததைத் திரும்பும்போதுதான் பார்த்தோம்.